மலைப்பாதையில் ஏறக்கூடிய பேருந்து எப்படி இருக்க வேண்டும்?

நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2025 கோடைப் பருவத்தில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் வந்தது. அரசுப் பேருந்தில் வருவோருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மலைக்குப் பேருந்தில் வாருங்கள் என்று அரசும் நீதிமன்றமும் மக்களைக் கேட்டுக்கொள்ளும் இந்த நேரத்தில், அந்தப் பேருந்தில் ஏறவே முடியாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வியை மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடுவோர் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

இந்த விவாதத்தில் வாசகருக்குக் குழப்பம் ஏற்படக் காரணம் உண்டு. இனி வாங்கும் பேருந்தெல்லாம் தாழ்தளமாக இருக்க வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் தாழ்தளப் பேருந்து அடிதட்டும், ஓடாது என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் தரப்பு பேசுவது பயணியின் உரிமையைப் பற்றி; இரண்டாவது தரப்பு பேசுவது வண்டியின் ஒரு குறிப்பிட்ட வகையைப் பற்றி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், மலைக்கு விலக்கு கேட்பதற்கான காரணங்களாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் மலைக்கென்று தனி வடிவமைப்பு கேட்பதற்கான காரணங்களே என்பது தெரியவரும்.

உயரம் என்ற அடிப்படைக் கணக்கு

பேருந்துகளின் தளம் சாலையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்து, இந்தியாவில் நகரப் பேருந்துகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

1. தாழ்தளம்: ஏறத்தாழ 400 மி.மீ. வாசலில் படிக்கட்டு கிடையாது. நிறுத்தத்தில் நிற்கும்போது காற்று ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் குறைத்து, வண்டி வாசல் பக்கமாக இன்னும் 60 மி.மீ. அளவுக்குத் தாழ்ந்து கொடுக்கும்.

2. பாதித் தாழ்தளம்: 650 மி.மீ. வாசலில் பொதுவாக ஒரு படி இருக்கும்.

3. உயர்தளம்: 900 மி.மீ. அல்லது அதற்கும் மேல், அதாவது மூன்றடி உயரம். மலையில் நாம் அன்றாடம் பார்ப்பது இந்த வகையைத்தான். எஞ்சின் முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும். வாசலில் செங்குத்தான படிகள் இருக்கும்.

வீட்டுப் படி ஒன்றின் உயரம் 150 முதல் 175 மி.மீ. பேருந்தின் முதல் படி தரையிலிருந்து 400 மி.மீ. வரை இருக்கலாம் என்று பேருந்து உடற்கட்டு விதிகள் அனுமதிக்கின்றன. ஆக, ஒரே எட்டில் இரண்டு வீட்டுப் படிக்கும் மேல் ஏற வேண்டியிருக்கிறது. மலைச்சாலையில் இந்த உயரம் இன்னும் கூடுகிறது. மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஒரு பக்கம் சரித்தே போடுகிறார்கள். சாலையோரத்தில் தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஓர் இறக்கமும் இருக்கும். பேருந்தின் சக்கரம் தாரின் மேல் நிற்கும். பயணி நிற்பது கால்வாயை ஒட்டிய தாழ்ந்த மண்ணில்.

ஊன்றுகோலுடன் ஒருவர் அந்தப் படியில் ஏறுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த எண்களின் பொருள் புரியும். முதலில் ஒரு ஊன்றுகோலை உள்ளே இருக்கும் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். வாசல் கம்பியை ஒரு கையால் பிடித்து, மற்றொரு ஊன்றுகோலைத் தரையில் அழுத்தி, உடம்பு முழுவதையும் தோளின் பலத்தில் மேலே இழுக்க வேண்டும். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுவார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் தூக்குகிறார். ஆனால் எங்கே பிடிக்கலாம் என்று கேட்பதில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்த வழியும் இல்லை. இரண்டு பேர் அவரைத் தூக்கி இருக்கையில் உட்கார வைக்க, மூன்றாவது ஆள் நாற்காலியை மடித்து உள்ளே வைக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் முன்பின் தெரியாத ஆண்கள் தூக்க வேண்டும் என்பதாலேயே பயணத்தைக் கைவிடுவார்கள். ‘உதவி செய்ய ஆள் இருக்கிறார்களே’ என்ற பதில் ஏன் போதாது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சட்டம் எங்கே நிற்கிறது

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே போக்குவரத்துக்கென ஒரு பிரிவு இருந்தது. ஆனால் ‘பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு’ என்ற நிபந்தனை அதை அறிவுரையின் அளவுக்குச் சுருக்கிவிட்டது. 2007-இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்ட பிறகு, அதற்கேற்ப மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இயற்றப்பட்டது. ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் இருபத்தொன்றாக விரிந்தன.

இந்தச் சட்டத்தின் 41-ஆவது பிரிவுதான் இன்றைய விவாதத்தின் மையம். பேருந்து நிறுத்தம், நிலையம், கழிப்பறை, பயணச்சீட்டு வழங்கும் இடம் ஆகியவையும், வாகனமும், சாலையும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ‘தொழில்நுட்ப அளவில் இயலுமானால், பாதுகாப்பானதானால், பொருளாதார அளவில் கட்டுப்படியானால், வடிவமைப்பில் பெரிய மாற்றம் தேவைப்படாதபோது’ என்ற சொற்களும் அதே பிரிவில் வருகின்றன. மலைக்கு விலக்கு கேட்போர் எடுத்துக்காட்டுவது இந்தச் சொற்களைத்தான். ஆனால் அவை பழைய வாகனங்களை மாற்றியமைப்பது பற்றிப் பேசும் இடத்தை ஒட்டி வருகின்றன. ஏற்கெனவே ஓடும் வண்டியை வெட்டித் திருத்துவதற்கு வரம்பு வைப்பது நியாயம். இனிமேல் வாங்கப்போகும் வண்டிக்கு அந்த வரம்பைப் பொருத்துவது, என் வாசிப்பில், பிரிவின் நோக்கத்துக்கே எதிரானது; புதிய வண்டியின் வடிவத்தை வாங்குபவர்தானே தீர்மானிக்கிறார்?

இதோடு மேலும் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 2019 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம். 2020 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முன்னுரிமை இருக்கை, அதற்கான குறியீடு, ஊன்றுகோலையும் கைத்தடியையும் பத்திரமாக வைக்கும் ஏற்பாடு, கைப்பிடிக் கம்பிகள், சக்கர நாற்காலி ஏறுவதற்கும் நிற்பதற்கும் பூட்டுவதற்குமான வசதி ஆகியவற்றை அது பேருந்துகளில் எதிர்பார்க்கிறது. தகுதிச் சான்று வழங்கும் ஆய்வின்போது இவற்றைப் பார்க்க வேண்டும் என்பதும் அதன் நோக்கம். தாழ்தளமா இல்லையா என்ற சர்ச்சை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பொருட்கள் இவற்றில் பல. ஊன்றுகோலை மாட்டும் ஒரு கொக்கிக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான்.

இரண்டாவது, உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் வழங்கிய தீர்ப்பு. பார்வைக் குறைபாடுடைய அவர் 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கு இது. 2017-இல் ஒரு முறை விரிவான ஆணைகள் பிறந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 2017-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆவது விதி, அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக நிறுத்திவிட்டது, கட்டாயப்படுத்தும் தாய்ச்சட்டத்துக்கு அது முரணானது என்று கூறி, எவ்வகையிலும் விட்டுக்கொடுக்க முடியாத அடிப்படைத் தரங்களைத் தனியே பிரித்து மூன்று மாதங்களில் விதியாக்குமாறு நீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது. ‘முடிந்தால் செய்வோம்’ என்று சொல்லும் இடம் இதனால் சட்ட அளவில் மிகவும் குறுகிவிட்டது.

கேட்டுப் பெற்றவர்கள்

போக்குவரத்தை அணுகும் உரிமை எந்த நாட்டிலும் தானாக வந்ததில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1978 ஜூலை 5 அன்று, 19 மாற்றுத்திறனாளிகள் பரபரப்பான ஒரு சந்திப்பில் பேருந்துகளை மறித்து, சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி, சாலையிலேயே படுத்து இரவைக் கழித்தார்கள். அங்கிருந்து வளர்ந்த இயக்கத்தின் தாக்கம் 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தெரிகிறது. புதிதாக வாங்கும் பொதுப் பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏற வசதி இருக்க வேண்டும் என்பது அதன் பிறகு அங்கே கட்டாயமானது.

இந்தியாவில் ஜாவேத் அபிதி தொடுத்த வழக்கில் 1998 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, விமானப் பயணத்தில் சக்கர நாற்காலிப் பயணிகளுக்கான வசதிகளையும் கட்டணச் சலுகையையும் பற்றியது. அவரே சக்கர நாற்காலியில் இயங்கியவர். 2018-இல் மறையும்வரை இந்தப் பணியில் இருந்தார். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கூட்டணியைச் சேர்ந்த வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய பொதுநல வழக்கு, அரசு வாங்கும் பேருந்துகளின் தள உயரத்தையே நீதிமன்றத்தின் கேள்வியாக்கியது. குறுகிய தெருக்கள், வேகத்தடைகள், மழைநீர் தேங்கும் சாலைகள் ஆகியவற்றால் எல்லா வழித்தடங்களிலும் தாழ்தளம் இயலாது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. நீண்ட இழுபறிக்குப் பின், 2024 ஆகஸ்டில் சென்னைச் சாலைகளில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

அந்த வழக்கிலிருந்து மலை மாவட்டத்தார் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ‘இந்தச் சாலையில் இயலாது’ என்ற வாதம் சமவெளியான சென்னைக்கே சொல்லப்பட்டது. எனவே மலையில் அதே வாதம் வரும்போது, எந்தச் சாலையில், எந்த வளைவில், எத்தனை மில்லிமீட்டரால் இயலாது என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மலையில் உண்மையான சிக்கல் எது

அந்தக் கேள்விக்கு விடை காண, வண்டி ஏன் அடிதட்டுகிறது என்பதைப் பார்ப்போம். முன்சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சமமான சாலையிலிருந்து 12-க்கு 1 என்ற ஏற்றம் (12 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயர்வு) தொடங்கும் இடத்தில் முன்சக்கரம் நிற்கும்போது, வண்டியின் மூக்குக்கு நேர் கீழே சாலை ஏறத்தாழ 210 மி.மீ. உயர்ந்துவிட்டிருக்கும். தாழ்தள வண்டியின் முன்பகுதிக்கும் தரைக்கும் இருக்கும் இடைவெளியில் இதுவே பெரும்பகுதியைத் தின்றுவிடும். கொண்டை ஊசி வளைவின் உட்புறம் இதைவிடச் செங்குத்தாக இருக்கும். வண்டி திரும்பிக்கொண்டே ஏறுவதால் ஒரு பக்கம் சாய்வும் சேரும். மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையிலேயே 14 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36.

ஆகவே 12 மீட்டர் நீளமுள்ள, சென்னையில் ஓடும் அதே தாழ்தளப் பேருந்தைக் கல்லட்டியில் விட முடியாது என்பது உண்மைதான். உரிமை கேட்போர் இதை ஒப்புக்கொள்வதால் அவர்கள் வாதம் பலவீனமாவதில்லை. இந்தக் கணக்கில் சிக்கலை உண்டாக்குவது இரண்டு அளவுகள்: சக்கரத்துக்கு வெளியே நீளும் பகுதி, அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரம். இரண்டையும் குறைத்தால் தளத்தையும் இறக்க முடியும். நம் மலைப்பாதைகளில் சமவெளியைவிடக் குட்டையான பேருந்துகள் ஓடுவது இந்தக் காரணத்தால்தான். வண்டியைச் சாலைக்கேற்ப மாற்றும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

தளத்தை உயர்த்தும் மற்றொரு காரணம், முன்னால் இருக்கும் எஞ்சினும் லாரியின் சட்டத்தை ஒத்த அடிச்சட்டமும். கமான் பட்டைகளின் மேல் நீளமான இரும்புச் சட்டம், அதன் மேல் தளம் என்று அடுக்கினால் மூன்றடி உயரம் தானாக வந்துவிடும். மின்சாரப் பேருந்தில் இந்தக் கட்டாயம் தளர்கிறது. மோட்டாரைப் பின்னச்சுக்கு அருகில் வைத்துவிட்டு, மின்கலங்களைக் கூரையிலோ பின்பகுதியிலோ பிரித்து அமைக்கலாம். இமாச்சலப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகம் 2017-லேயே மணாலி – ரோத்தாங் மலைப்பாதையில் ஒன்பது மீட்டர் நீள மின்சாரப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. ரோத்தாங் கணவாய் ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உதகை 2,240. மலையேறும் திறன் பற்றிய ஐயத்துக்கு இது போதுமான பதில்.

தளத்தை இறக்க முடியாவிட்டால் தரையை ஏற்றலாம்

விவாதம் எப்போதும் வண்டியைச் சுற்றியே நடப்பதால், மலைக்கு மிகவும் பொருந்தும் தீர்வு கண்ணில் படாமல் போகிறது. பயணி கடக்க வேண்டியது பேருந்துத் தளத்துக்கும் அவர் நிற்கும் இடத்துக்கும் இடையிலுள்ள உயர வேறுபாட்டைத்தான். அதை மேலிருந்தும் குறைக்கலாம், கீழிருந்தும் குறைக்கலாம்.

சக்கர நாற்காலி ஒருவரின் கைபலத்தில் ஏறுவதற்கான சாய்தளம் 12-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதன்படி கணக்கிட்டால் கிடைப்பது இது:

1. 900 மி.மீ. தளமும் வெறும் சாலையும்: 10.8 மீட்டர் நீளமான சாய்தளம் வேண்டும். ஏறக்குறைய ஒரு பேருந்தின் நீளமுள்ள பலகையை எந்த வண்டியிலும் பொருத்த முடியாது.

2. 650 மி.மீ. தளமும் 450 மி.மீ. உயர நிறுத்த மேடையும்: வேறுபாடு 200 மி.மீ.; 2.4 மீட்டர். நடத்துநர் பின்னாலிருந்து சற்றுத் தள்ளிக் கொடுத்தால் இதைவிடக் குட்டையான மடக்குப் பலகையே போதும்.

3. தாழ்ந்து கொடுக்கும் 400 மி.மீ. தளமும் 300 மி.மீ. மேடையும்: வேறுபாடு 40 மி.மீ., ஏறத்தாழ இரண்டு விரல்கடை அளவுதான்.

4. 900 மி.மீ. தளமும் அதே உயரத்தில் மேடையும்: வேறுபாடே இல்லை, ரயில் நடைமேடையைப் போல நேராக உள்ளே போகலாம். அகமதாபாத்தில் 2009 முதல் இயங்கும் ஜன்மார்க் விரைவுப் பேருந்து நிலையங்கள் இந்த முறையில் அமைந்தவை.

நான்காவது வழியை வழியோர நிறுத்தங்களில் செய்வது கடினம். ஆனால் உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் போன்ற பேருந்து நிலையங்களில் ஒரு தடத்தையாவது இப்படி உயர்த்தி, மேடைக்கு ஏற 10.8 மீட்டர் சாய்தளத்தை இடையே ஓய்வுத்தளத்துடன் கட்ட முடியும். மலைப் பயணங்களில் பெரும்பாலானவை ஏதோவொரு முனையில் இந்த நிலையங்களில் ஒன்றைத் தொடுகின்றன. ஒரு நுணுக்கத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: இன்றைய உயர்தளப் பேருந்துகளின் வாசலில் படிக்கட்டுக்காகத் தளம் வெட்டப்பட்டிருக்கும். மேடையிலிருந்து நேராக நுழைய, படியில்லாத அகலமான தனி வாசலோ, படிக்குழியை மூடும் மடக்குத் தகடோ வேண்டும். இதை வண்டி கட்டும்போதே கேட்டுவிட்டால் செலவு குறைவு. பிறகு செய்வது பெரும்பாடு.

ஹைட்ராலிக் லிப்ட் பொருத்துவது மற்றொரு வழி. மேடை கட்ட இடமில்லாத ஊர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் பிடிக்கும், ஈரத்தில் பராமரிப்பும் வேண்டும். பின்னால் வாகனங்கள் ஒலி எழுப்பிக்கொண்டு நிற்கும் ஒற்றை வழிப்பாதையில் அந்தச் சில நிமிடங்களின் சுமையும் பயணியின் தலையிலேயே விழும். நிறுத்தத்தைச் சாலையிலிருந்து சற்று உள்வாங்கி அமைத்தால் இந்தச் சுமை குறையும்.

நிறுத்தம் அமையும் இடமும் முக்கியம். ஏற்றத்தில் பேருந்து நின்றால், பக்கவாட்டில் இறக்கும் சாய்பலகையும் சாலையின் சரிவுக்கேற்பச் சரிந்திருக்கும். சக்கர நாற்காலி முன்னோக்கிப் போவதற்குப் பதிலாகப் பள்ளத்துப் பக்கம் இழுக்கும். பக்கச் சரிவு 50-க்கு 1 என்ற அளவுக்குள் இருப்பது பாதுகாப்பு. மலைச்சாலையில் அப்படிப்பட்ட இடங்கள் குறைவாக இருந்தாலும் இல்லாமல் இல்லை. சக்கரத்தடியில் கட்டை வைக்க வேண்டிய அளவுக்குச் செங்குத்தான நிறுத்தங்களை ஐம்பது, நூறு மீட்டர் தள்ளிச் சமமான இடத்துக்கு மாற்றினால், முதியவர்களுக்கும் அது நன்மையே. இந்த இடங்களைக் காட்டிக்கொடுக்க அந்தத் தடத்தில் ஓட்டும் ஓட்டுநர்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது.

உள்ளே ஏறிய பிறகும் மலைக்கென்று ஒரு தேவை இருக்கிறது. நகரத்தில் சக்கர நாற்காலியைப் பின்நோக்கித் திருப்பி, ஒரு சாய்பலகையில் முட்டவைத்தால் பெரும்பாலும் போதும். தொடர்ந்து இடமும் வலமும் வளையும் பாதையில் அது போதாது. தரையில் நான்கு இடங்களில் கொக்கியிட்டு வாரால் இறுக்க வேண்டும். பயணிக்கும் தனி வார் வேண்டும். சமவெளிக்கான தரத்தை அப்படியே நகலெடுத்தால் மலையில் அது பாதுகாப்புக் குறைவாகவே முடியும்.

சக்கர நாற்காலிக்கு அப்பால்

அணுகத்தக்க பேருந்து என்றதும் சக்கர நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்தொரு வகைகளில் அரிவாள் அணு ரத்தச்சோகையும் ஒன்று. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே, குறிப்பாகக் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் வாழும் பணியர், குறும்பர் போன்றோரிடம் இந்த மரபுநோய் அறியப்பட்ட ஒன்று. கடுமையான வலி எப்போது வேண்டுமானாலும் வரலாம். குளிர் அதைத் தூண்டும் காரணங்களில் ஒன்று. இந்த நோயுள்ள இளைஞர் ஒருவர் நன்றாக நடந்து வந்து ஏறுவார். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. கூடலூரிலிருந்து உதகை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர், பைக்காராவின் குளிரில், கண்ணாடி மூடாத சன்னலோரத்தில் நின்றுகொண்டே வருவது அவருக்கு ஆபத்தானது. முன்னுரிமை இருக்கையில் அவர் உட்கார்ந்தால் ‘இளவட்டம்தானே, எழுந்திரு’ என்று சொல்லக்கூடாது என்பதை நடத்துநரும் சக பயணிகளும் அறிந்திருப்பதும் அணுகல் வசதிதான்.

பார்வையற்றவர்களுக்கு நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் பார்வையுள்ளவர்களுக்கே எந்த வளைவில் வண்டி போகிறது என்று தெரியாது. அறிவிப்புக் கருவி கைபேசி சிக்னலை நம்பி இயங்கக்கூடாது. மலை மடிப்புகளில் சிக்னல் அறுந்து அறுந்துதான் கிடைக்கும். காது கேளாதவர்களுக்கு எழுத்துப் பலகை வேண்டும். மண்சரிவால் வண்டி பாதியில் நிற்கும்போது, நடத்துநர் வாய்மொழியாகச் சொல்லும் செய்தி அவர்களை எட்டுவதேயில்லை.

மண்சரிவு தனிக் கவனத்துக்குரியது. சாலை அறுந்தால், இந்தப் பக்கம் இறங்கிச் சேற்றில் நடந்து அந்தப் பக்கம் நிற்கும் வேறு பேருந்தில் ஏறுவது மழைக்காலத்தில் மலைவாசிகளுக்குப் பழக்கமானது. நடக்க முடியாதவரை அந்த இடத்தில் எப்படிக் கடத்துவது என்பதற்குப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

கட்டணமில்லாப் பயணமும் ஏற முடியாத படியும்

2021-இல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது; அதே ஆண்டில் அது மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் துணையாளருக்கும் திருநங்கையருக்கும் விரிவாக்கப்பட்டது. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளின் பெண்களுக்கும் இத்திட்டம் நீட்டிக்கப்படும் என்று 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது. இவை பெரிய உதவிகள். ஆனால் கட்டணச் சலுகையால் பயன்பெற முதலில் வண்டியில் ஏற வேண்டும். ஏற முடியாதவர் ஆட்டோவுக்கோ ஜீப்புக்கோ கொடுக்கும் பணம் எந்தச் சலுகைக் கணக்கிலும் வராது. அடையாளச் சான்றுக்கும் உதவித்தொகை மனுவுக்கும் பந்தலூர்ப் பகுதியிலிருந்து உதகைக்கு வர ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பணம் எவ்வளவு என்பது விளங்கும்.

விழுக்காட்டுக் கணக்கு மலையில் ஏன் பொருந்தாது

2015 டிசம்பர் 3 அன்று தொடங்கிய, மத்திய அரசின் சுகம்ய பாரத் (அணுகத்தக்க இந்தியா) இயக்கம், அரசுப் பேருந்துகளில் 25 விழுக்காட்டை முழுமையாக அணுகத்தக்கவையாக மாற்றுவதை இலக்காக வைத்தது. அன்றிலிருந்து ‘எத்தனை விழுக்காடு’ என்பதே பேச்சின் அளவுகோலாகிவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் நகரத் தடத்தில் நான்கில் ஒன்று என்றால் இருபது நிமிடம் காத்திருந்தால் போதும். மலையில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது.

மணிக்கொரு பேருந்து உள்ள தடத்தில் நான்கில் ஒன்று என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. மஞ்சூரைத் தாண்டிக் கிண்ணக்கொரை போன்ற ஊர்களுக்கு நாளுக்குச் சில நடைகள்தான். அங்கே நான்கில் ஒன்று என்றால் போவதற்கு ஒரு வண்டி கிடைக்கலாம், திரும்பி வருவதற்குக் கிடைக்காது. திரும்ப முடியாத ஊருக்கு யாரும் புறப்பட மாட்டார்கள். எனவே போகும் வண்டியிலும் ஆளில்லை என்று பதிவாகும். ‘வசதி செய்து கொடுத்தோம், யாரும் பயன்படுத்தவில்லை’ என்ற முடிவுக்கு அதிகாரிகள் வரும் வழி இதுதான்.

ஆகவே மலை மாவட்டத்தில் இலக்கை வண்டிகளின் விழுக்காடாக வைக்காமல் தடங்களின் எண்ணிக்கையாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாவட்டம் முழுவதும் சிதறலாக நாற்பது வண்டிகளை விடுவதைவிட, கூடலூர் – உதகை போன்ற ஒரு தடத்தை எடுத்து, அதன் எல்லா வண்டிகளையும், எல்லா முக்கிய நிறுத்தங்களையும், இரு முனையிலுள்ள நிலையங்களையும், கழிப்பறைகளையும் ஒரே வீச்சில் முடித்துவிட்டு அடுத்த தடத்துக்குப் போவது பயன் தரும். மலைநாடான சுவிட்சர்லாந்து 2004-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், 2023 இறுதிக்குள் பொதுப் போக்குவரத்து முழுவதையும் அணுகத்தக்கதாக்க இருபது ஆண்டு அவகாசம் கொடுத்தது. அவகாசம் முடிந்தபோதும் அங்கே ஏராளமான பேருந்து நிறுத்தங்கள் தயாராகவில்லை. பணத்துக்கும் பொறியாளர்களுக்கும் குறைவில்லாத நாட்டிலேயே நிறுத்தங்கள்தான் பின்தங்கின என்பதை நாம் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்த கொள்முதல் அறிவிப்பு வெளியாகும்போது, மலை வழித்தடங்களுக்கான வண்டிகளைப் பற்றி அதில் தேட வேண்டியவை இவை: தள உயரம் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கிறதா, படியில்லாத வாசல் ஒன்று கேட்கப்பட்டிருக்கிறதா, நான்கு முனைப் பூட்டு இருக்கிறதா, எந்தத் தடத்துக்கு என்று எழுதப்பட்டிருக்கிறதா, அந்தத் தடத்தின் நிறுத்தங்களை உயர்த்த நெடுஞ்சாலைத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் அதே ஆண்டில் நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா. மாதிரி வண்டி வந்ததும், உடன்பாட்டில் கையெழுத்திடும் முன்பு, சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவரையும் ஊன்றுகோலில் நடக்கும் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் ஏற்றிக்கொண்டு, சரக்கு ஏற்றிய எடையோடு, ஜூலை மழையில் அதே தடத்தில் ஒரு முறை போய்த் திரும்ப வேண்டும். திரும்பி வரும் நடை கடைசிப் பேருந்தின் நேரத்தில், இருட்டிய பிறகு இருக்க வேண்டும்.